வீடு கிடைத்தது, கழிப்பறைக்குப் போகத்தான் முடியவில்லை

சில்லு
சனி, இரவு 9.40

வணக்கம். பல வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். எழுதுவது இதுதான் முதல்தடவை.

2009 இல் போரில் செல் (எறிகணை) துண்டு ஒன்று அண்ணையின் முள்ளந்தண்டில் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, சக்கர நாற்காலிதான். அம்மா, அண்ணை, நான், மூன்று பேரும் யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம் இருக்கிறோம். ஒரு வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. எந்தத் திட்டம் என்று எழுதப்போவதில்லை. பட்டியலில் எங்கள் பெயர் மேலே வந்ததற்குக் காரணமே அண்ணைதான். குடும்பத்தில் மாற்றுத்திறனாளி உண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் சரி போட்டோம், புள்ளி தந்தார்கள். ஆனால் புள்ளி தரும்போது கண்ணில் பட்ட அந்தக் கட்டம் வரைபடம் தரும்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுத்த அதே வரைபடம்தான் எங்களுக்கும்.

வாசலில் மூன்று படி. அறைக் கதவுக்குள் நாற்காலி போகும், ஆனால் கைமுட்டி நிலையில் உரசி உரசித் தோல் போய்விட்டது. கழிப்பறை பின்வளவில், வீட்டிலிருந்து 40 அடி தள்ளி. அதன் கதவு இரண்டு அடி. உள்ளே குந்துகிற தட்டு. அம்மாவும் நானும் தூக்கிக்கொண்டு போகிறோம். அம்மாவுக்கு 67 வயது.

அண்ணை சலத்துக்குத் தானே குழாய் போட்டுக்கொள்வார். அதற்குக் கை கழுவ ஒரு பைப்பும் ஒரு மறைவும் வேண்டும். வீட்டுக்குள் இரண்டும் இல்லை. எங்களை இரவில் எழுப்பக்கூடாது என்று பின்னேரம் 5 மணிக்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வருடம் இரண்டு தடவை கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்படியே போனால் சிறுநீரகம் பழுதாகும் என்று டாக்டர் ஏசினார்.

வீட்டை இடிக்கமுடியாது. கையில் பெரிய காசும் இல்லை. என்ன செய்யலாம்? யாரிடம் கேட்கலாம்?


பனங்கூடல்
சனி, இரவு 10.15

தங்கச்சி, கோபிக்காதேங்கோ. வீடு கிடைத்ததே பெரிய விசயம். எங்கள் குறிச்சியில் இன்னும் தகரக் கொட்டிலில் இருக்கிற சனம் இருக்கிறது. எல்லாரும் அது சரியில்லை இது சரியில்லை என்று தொடங்கினால் அடுத்த முறை ஒருவரும் வீடு தரமாட்டார்கள்.


வெள்ளைப்பிரம்பு
சனி, இரவு 10.22

தகரக் கொட்டில் என்றாலும் தரை மட்டமாக இருந்தால் அவருடைய அண்ணை தானாக வெளியே வருவார். இப்போது கல்வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே வரமுடியாமல் இருக்கிறார். எது பெரிய விசயம், நீங்களே சொல்லுங்கோ.


பனங்கூடல்
சனி, இரவு 10.31

நான் அந்தக் கருத்தில் சொல்லவில்லை.


மேசன்_வாத்தி
ஞாயிறு, காலை 6.05

சில்லு தங்கச்சி, முதலில் சில அளவு கேட்கவேண்டும். அத்திவாரம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம்? கிணறு எந்த மூலை? கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? முன்வாசலிலிருந்து கேற்வரை எத்தனை அடி?

அதற்கிடையில் படியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 22 வருடமாக வீடு கட்டுகிறேன், றாம்ப் கட்டித்தரச் சொல்லிக் கூப்பிட்ட இடங்களில் பாதிப்பேர் கேட்டது படம் எடுக்கிற றாம்ப். மூன்று படி இருந்த இடத்தில் அதே ஆறடிக்குள் ஒரு சரிவைப் போட்டு, மேலே ஒரு சக்கர நாற்காலிப் படத்தைக் கீறிவிட்டால் முடிந்தது. அதில் ஆள் ஏறமுடியாது. இறங்கினால் முகம்குப்புற விழுவார். கணக்கு இதுதான்: ஒரு அங்குலம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அங்குலம் நீளம். ஒன்றரை அடி உயர அத்திவாரத்துக்கு 18 அடி நீளச் சரிவு வேண்டும். இரண்டு அடி உயரம் என்றால் 24 அடி. மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை. அது இல்லாவிட்டால் கதவைத் திறக்க ஒரு கையை எடுத்தவுடன் நாற்காலி பின்னுக்கு ஓடும். இந்தச் சமதரையைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

18 அடி என்றதும் பயப்படவேண்டாம். உள்ளே போவது முழுக்க உடைகல்லும் மண்ணும்தான். பக்கச் சுவருக்கும் மேல் கொங்கிறீற்றுக்கும் ஏழெட்டுப் பை சீமெந்து போகும். வீடு கட்டும்போதே செய்திருந்தால் அத்திவாரக் கிடங்கில் வெட்டின மண்ணே நிரப்பக் காணும். வீடு முடிந்த பிறகு செய்தால் மண்ணும் வாங்கவேண்டும், படியையும் உடைக்கவேண்டும், கூலியும் இரண்டு தடவை.


ரொறன்ரோக்_குளிர்
ஞாயிறு, காலை 7.48

வாசிக்கக் கவலையாக இருக்கிறது. ஏழெட்டுப் பை சீமெந்துதானே, கூலியோடு நான் அனுப்புகிறேன். தங்கச்சி தனிமடலில் கணக்கு இலக்கம் போடுங்கோ.


சில்லு
ஞாயிறு, காலை 9.10

நன்றி அண்ணா, ஆனால் பொறுங்கோ. காசு வாங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் இப்படி இன்னும் நான்கு வீடு எனக்குத் தெரியும். ஒன்றில் காலில்லாத அக்கா, ஜெய்ப்பூர்க் கால் போட்டிருக்கிறா, இரவில் அதைக் கழற்றினால் படி இறங்கத் தவழவேண்டும். என் வீட்டுக்கு நீங்கள் அனுப்புவீர்கள். மற்ற வீடுகளுக்கு?

மேசன் அண்ணை, அளவு: அத்திவாரம் ஒன்றரை அடி. கிணறு வடகிழக்கு. கழிப்பறை தென்மேற்கு மூலை, குழியிலிருந்து கிணறு 80 அடிக்குக் கிட்ட. வாசலிலிருந்து கேற் 30 அடி.


கறுப்புக்கோட்
ஞாயிறு, முற்பகல் 11.30

யாரிடம் கேட்கலாம் என்று தங்கை கேட்டிருந்தார். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கம். அதன் கீழ் 2006 இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவை நடக்கும் இடங்கள் எல்லாம் சக்கர நாற்காலியில் வருபவர் புழங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். புத்தகத்தில் இருந்ததே தவிரக் கட்டடங்கள் மாறவில்லை. அஜித் சி. எஸ். பெரேரா என்பவர் 2009 இல் உயர் நீதிமன்றம் போனார். காரின்மேல் மரம் விழுந்து நடக்கும் சக்தியை இழந்தவர், அதற்கு முன்னர் கிரிக்கெட் நடுவர். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, புதிய பொதுக் கட்டடங்கள் விதிகளின்படிதான் இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. இன்றைக்கு வங்கி வாசல்களில் நீங்கள் பார்க்கிற சரிவுகளுக்குப் பின்னால் அந்த மனிதரின் பிடிவாதமும் இருக்கிறது.

இப்போது ஓட்டை எங்கே என்று பாருங்கள். விதிகள் சொல்வது பொதுக் கட்டடம். வீடு பொதுக் கட்டடம் இல்லை. வீட்டுத் திட்டம் பொதுப் பணத்தில் நடக்கும், பயனாளி பட்டியலை அரச அலுவலகம் தயாரிக்கும், வரைபடத்தையும் அவர்கள்தான் தருவார்கள். கட்டி முடிந்ததும் அது தனியார் வீடு. ஆகவே வங்கிக்குப் போக உங்கள் அண்ணைக்கு உரிமை உண்டு, வங்கிக்குப் போக வீட்டை விட்டு இறங்குவதற்கு இல்லை.

கையில் பிடிக்க ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதில் 28 ஆம் உறுப்புரை அரச வீடமைப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்பு இருக்கவேண்டும் என்று சொல்கிறது. 19 ஆம் உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை. நாட்டில் தனிச் சட்டம் இல்லாமல் இதை வைத்து நேரே வழக்குப் பேசுவது கடினம். ஆனால் பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரியாகப் போடலாம். "உதவி செய்யுங்கள்" என்று தொடங்கும் கடிதம் சமூக சேவைப் பிரிவுக் கோப்புக்குள் போகும். "28 ஆம் உறுப்புரையின்படி" என்று தொடங்கினால் அதை வீடமைப்புப் பக்கம் தள்ளத்தான் வேண்டும்.


பனங்கூடல்
ஞாயிறு, பிற்பகல் 1.05

சட்டத்தரணி ஐயா, நல்ல விளக்கம். ஆனால் ஒன்று. ஒரு ஊரில் நாலு பேருக்காக எல்லா வரைபடத்தையும் மாற்றமுடியுமா?


கறுப்புக்கோட்
ஞாயிறு, பிற்பகல் 1.20

2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஒரு இயலாமை. நாடு முழுக்க 16 இலட்சத்துக்கு மேல். நாலு பேர் இல்லை.


வேப்பம்பூ
ஞாயிறு, பிற்பகல் 1.44

நாலு பேர் என்றே வைத்துக்கொள்வோம். பனங்கூடல் அண்ணை, உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், 80 வயதுக் கிழவி படி இறங்கி, மழைக்குள்ளால் பின்வளவுக் கழிப்பறைக்குப் போய் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த கதை எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று. இவர்களில் ஒருவரும் மாற்றுத்திறனாளிப் பட்டியலில் இல்லை.


பனங்கூடல்
ஞாயிறு, பிற்பகல் 2.02

அம்மாவுக்கு 78. போன மாரிக்கு வழுக்கினவதான். சரி, வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறேன்.


மேசன்_வாத்தி
ஞாயிறு, இரவு 8.30

தங்கச்சி, அளவைப் பார்த்தேன். நல்ல செய்தி இருக்கிறது.

எங்கள் ஆட்கள் கழிப்பறையை ஏன் வளவின் அந்தத் தொங்கலில் கட்டுகிறார்கள்? ஒன்று பழக்கம், வீட்டோடு இருக்கக்கூடாது என்ற மனம். மற்றது கிணறு. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல், கீழே வெடிப்பு வெடிப்பாக இருக்கும், குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. அதனால்தான் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விடு என்று பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நிற்பார். அது நியாயம்.

ஆனால் தூரத்தில் இருக்கவேண்டியது குழி. கொமட் இல்லை. இந்த இரண்டையும் சனம் ஒன்றாகவே நினைத்துவிட்டது. நானும் பத்து வருடம் அப்படித்தான் கட்டினேன்.

உங்கள் குழி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பின்விறாந்தையின் தெற்கு மூலையைச் சுவர் வைத்து மறைத்து அதைக் கழிப்பறை ஆக்குங்கோ. அங்கிருந்து நாலு அங்குலப் பைப் ஒன்று குழிக்கு. 40 அடிக்கு ஒரு அடி சரிவு காணும். வீடு ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறதே, படி ஏற எதிரியாக இருக்கிற அதே உயரம் பைப் சரிவுக்கு உதவும். பைப் போகிற பாதை கிணற்றுப் பக்கமாகத் திரும்பக்கூடாது, மூட்டுகளைப் பசை போட்டு இறுக்கவேண்டும். அவ்வளவுதான்.

உள் அளவு ஐந்தடிக்கு ஏழடிக்குக் குறைய வேண்டாம். நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஐந்தடி வேண்டும். கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே ஆள் விழுந்தால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளமுடியாது, ஆளே தடையாகக் கிடப்பார். கொமட்டின் உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்துக்குச் சமமாக வரவேண்டும். கடையில் வாங்கியது பதிவாக இருந்தால் கீழே கல் வைத்து உயர்த்தலாம்.

கைபிடிக் கம்பி பற்றி ஒரு விசயம். நம் ஊர் புளொக் கல்லுக்குள் ஓட்டை. அதில் ஆணி அடித்துக் கம்பி பூட்டினால் ஆள் முழுப் பாரத்தையும் போட்ட அன்றைக்கே கையோடு வரும். கம்பி வருகிற இடத்துக் கல்லுகளின் ஓட்டைக்குள் சுவர் எழுப்பும்போதே கொங்கிறீற்று நிரப்பிவிடவேண்டும். இதைப் பிறகு செய்யமுடியாது.

முன்வாசலுக்கு றாம்ப் கட்டவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். கேற்வரை 30 அடி இருக்கிறது. வாசலிலிருந்து முற்றத்தை மண் போட்டு நிரவிச் சரிவாக இறக்கலாம். பார்த்தால் றாம்ப் மாதிரியே தெரியாது, முற்றம் மாதிரி இருக்கும். கூலி என் பங்கு. சனிக்கிழமைகளில் வருவேன்.


சில்லு
ஞாயிறு, இரவு 8.52

மேசன் அண்ணை, இதை எங்கள் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். "குழிதான் தூரம், கொமட் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு போனோமே.


வெள்ளைப்பிரம்பு
திங்கள், மாலை 6.15

சொந்த வளவு இருப்பவர்களின் கதை இது. வாடகைக்குத் தேடுபவர்களின் கதையையும் கொஞ்சம் எழுதுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் படித்தேன், அரச வேலை, சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. நகருக்குள் ஒரு அறையோ சிறிய வீடோ தேடி ஐந்து மாதம். தொலைபேசியில் எல்லாம் சரிவரும். நேரில் பிரம்போடு போனவுடன் வீட்டுக்காரருக்கு மகனின் மைத்துனர் திடீரென்று வரப்போகிறார். ஒரு அம்மா மட்டும் உண்மையைச் சொன்னா: "தம்பி, நீர் காஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பீர்?" நான் எட்டு வருடமாகச் சமைக்கிறேன் என்றேன். நம்பவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் என் நண்பருக்கு வேறு காரணம், ரைல்ஸ் கீறுமாம். இது போதாதென்று ஒரு வருட வாடகை முற்பணம்.

எனக்கு றாம்ப் தேவையில்லை. நடைபாதை உயரத்துக்குத் திறந்து கிடக்கிற யன்னல் கதவு, மூடியில்லாத வாய்க்கால், ஒழுங்கையில் நடுவே நிற்கிற மின்கம்பம், இவைதான் என் படிகள். எல்லா இயலாமைக்கும் சக்கர நாற்காலிப் படத்தையே கீறுவதால் இவை ஒருவருக்கும் தெரிவதில்லை.

"இல்லத்தில் சேரலாமே" என்று யாராவது எழுதமுன் நானே சொல்லிவிடுகிறேன். கைதடி நவீல்ட், சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்கள் இல்லாவிட்டால் எங்களில் பலர் எழுத்தே படித்திருக்கமாட்டோம். அந்தக் கடன் தீராது. ஆனால் படித்து முடித்த 30 வயது ஆண் இரவு பத்து மணிக்குத் தன் விருப்பத்துக்கு முட்டை பொரித்துச் சாப்பிட ஒரு குசினி வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.


ரொறன்ரோக்_குளிர்
திங்கள், இரவு 11.30

தம்பி, மனதைத் தைத்துவிட்டது. இந்தச் சனங்களுக்கு எப்போதுதான் புத்தி வருமோ.


வேப்பம்பூ
செவ்வாய், காலை 6.20

அண்ணா, நீங்கள் போன வருடம் வேறொரு இழையில் கொக்குவில் வீட்டைப் பற்றி எழுதினீர்கள். நாலு அறை, பூட்டிக் கிடக்கிறது, பார்க்க ஒரு ஆள் வைத்திருக்கிறோம் என்று. அந்த வீடு இப்போது?


ரொறன்ரோக்_குளிர்
செவ்வாய், இரவு 9.05

நாள் முழுக்க இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஓம், பூட்டித்தான் கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் திருவிழாவுக்கு வருவோம், மூன்று கிழமை இருப்போம். அப்பா கட்டின வீடு. வாடகைக்குக் கொடுத்தால் எழும்பமாட்டார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயம் பொய் இல்லையே?


நொத்தாரிசு_மகள்
புதன், காலை 10.40

பொய் இல்லை, பழையது. 1972 வாடகைச் சட்டத்தால் வீட்டை மீட்க வருடக்கணக்காக நீதிமன்றத்துக்கு அலைந்த ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆனால் 2023 இல் குத்தகைக்குக் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுப்பதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. தவணை குறித்து, நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, பதிந்து கொடுங்கோ. வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டுப் பயப்படுவதுதான் பிழை.

வந்ததோடு நான் நினைத்துக்கொண்டிருந்ததையும் எழுதிவிடுகிறேன். வரைபடத்துக்கு முதல் ஒரு கடதாசி இருக்கிறது, காணி உறுதி. அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை.

அப்பா 30 வருடமாக உறுதி எழுதுகிறார், பக்கத்தில் இருந்து தட்டச்சு செய்வது நான். மாதம் ஒருக்காலாவது இந்தக் கதை வரும். தாய் தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும். மகனுக்கு வயல் காணி, அல்லது வெளிநாடு போன செலவு. நடுவில் ஒரு பிள்ளை, நடக்கமாட்டாது, அல்லது வாய் பேசாது, அல்லது விளக்கம் குறைவு. அந்தப் பிள்ளைக்கு? "அக்கா பார்ப்பாள் தானே." உறுதியில் ஒரு வரி இல்லை. அக்கா பார்ப்பாதான். அக்காவின் மகளுக்குக் கலியாணம் வரும்போது அதே வீடு அடுத்த சீதனமாகப் போகும். அப்போது அந்தப் பிள்ளைக்கு 55 வயது, விறாந்தைக் கட்டில்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் கஷ்டம். எங்களிடம் வந்து அழுதுகொண்டு கையெழுத்து வைப்பவர்கள்தான்.

இதன் விளைவு வீட்டுத் திட்டத்திலும் தெரியும். திட்டங்கள் கேட்பது சொந்தப் பெயரில் காணி. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தை எடுங்கோ, 5,50,000 ரூபாயைத் தவணை தவணையாகப் பயனாளியின் கணக்கில் போட்டார்கள், அவரே கட்டினார். வரைபடத்தில் கொஞ்சம் மாற்றிக் கட்ட இடம் தந்த முறை. ஆனால் காணி இல்லாதவருக்கு அந்த வாசலே திறக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளில் எத்தனை பேர் பெயரில் ஒரு பரப்புக் காணி இருக்கிறது? எங்கள் அலுவலகத்தில் நான் கண்டதை வைத்துச் சொன்னால், விரல் விட்டு எண்ணலாம்.

செய்யக்கூடியது இரண்டு. காணி இருந்தால் சீதன உறுதி எழுதுவதற்கு முன்பே இரண்டு பரப்பைப் பிரித்து அந்தப் பிள்ளையின் பெயருக்கு நன்கொடை உறுதி. பிரிக்கமுடியாத சின்ன வளவு என்றால், வீட்டை அக்காவுக்கு எழுதும்போதே அந்தப் பிள்ளைக்குச் சீவிய உருத்து, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, வைத்து எழுதவேண்டும். தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உருத்து வைப்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பிள்ளைக்கும் வைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. பதிந்துவிட்டால் வீடு யார் கைக்கு மாறினாலும் அந்த ஆளை எழுப்பமுடியாது.

அதோடு எங்கள் உறுதிகளில் கடைசியில் வழக்கமாக வருமே, கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று. காணி பிரிக்கும்போது அந்த வழியை மூன்றடி ஒழுங்கையாக விடுகிறார்கள். ஓட்டோ வருமா, நாற்காலி திரும்புமா என்று அன்றைக்கே பாருங்கோ. பிறகு மதில் எழும்பினால் யாரும் இடிக்கமாட்டார்கள்.


சில்லு
புதன், இரவு 8.10

அக்கா, எங்கள் காணி அம்மாவின் பெயரில். எனக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். காணியை என் பெயருக்கு எழுதும் கதை போன மாதம் வீட்டில் நடந்தது. அண்ணாவும் பக்கத்தில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக்கு நான் அம்மாவோடு கதைக்கிறேன்.


கறுப்புக்கோட்
வியாழன், இரவு 9.00

கடிதம் ஒன்று வரைந்தேன், திருத்துங்கள். ஒரு கோரிக்கைதான் வைத்திருக்கிறேன். இனிப் பொதுப் பணத்தில் கட்டும் எந்த வீட்டுக்கும், யார் பயனாளியாக இருந்தாலும், படியில்லாத ஒரு வாசல், மூன்றடிக் கதவு, வீட்டோடு ஒட்டிய கழிப்பறை. மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம் என்றால் அத்திவாரம் வெட்டமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்த ஆளையே நேரில் கண்டு அளவெடுக்கவேண்டும்.


மேசன்_வாத்தி
வியாழன், இரவு 9.25

மேலதிகத் தவணை ஒன்றையும் சேருங்கோ. 2022 இல் சீமெந்துப் பை 3000 ரூபாயைத் தாண்டினபோது நின்ற வீடுகள் இன்னும் நிற்கின்றன. விலை ஏறினால் சனம் முதல் வெட்டுவது றாம்பைத்தான்.


வெள்ளைப்பிரம்பு
வியாழன், இரவு 9.40

"அந்த ஆளையே" என்ற சொல்லை எடுக்கவேண்டாம். அதுதான் கடிதத்தின் உயிர். வழக்கமாக வருபவர்கள் எனக்கு முன்னால் நின்றுகொண்டே அம்மாவிடம் "இவருக்கு என்ன தேவை?" என்று கேட்பார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் மாத உதவிப்பணத்தைப் பற்றியும் ஒரு வரி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 இலிருந்து 10,000 ரூபாய் ஆக்கினார்கள். நல்லது. அதில் சாப்பாடும் மருந்தும் போய் வாடகைக்கு என்ன மிஞ்சும்? வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனி உதவி கேட்கவேண்டும்.


கறுப்புக்கோட்
வியாழன், இரவு 9.52

அதைத் தனிக் கடிதமாக எழுதுவோம். இரண்டையும் ஒரே கடிதத்தில் வைத்தால் ஒன்றுக்குப் பதில் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.


பனங்கூடல்
வெள்ளி, காலை 7.15

கையெழுத்துக்கு என்னையும் போடுங்கோ. எங்கள் குறிச்சியில் 30 பேரிடம் வாங்கித் தருவேன். மேசன் அண்ணை, அம்மாவின் படிக்கு ஒருக்கால் வந்து பார்ப்பீர்களா? கூலி தருவேன்.


சில்லு
ஆறு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 10.05

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும்.

கடிதம் கொடுத்தாயிற்று, ஐந்து ஊர்க் கையெழுத்து. பிரதேச செயலகத்தில் திகதி முத்திரை குத்தித் தந்தார்கள். அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எடுப்போம் என்றார்கள். போன கூட்டத்தில் நேரம் போதவில்லையாம். நான் திரும்பப் போவேன்.

அம்மா கொஞ்சம் அழுதுவிட்டுச் சரி என்றா. காணி இன்னும் எழுதவில்லை. எழுதும்போது அண்ணாவுக்குச் சீவிய உருத்து இல்லை, பாதியே அவர் பெயரில். சம்பந்தம் பேசிய இடத்துக்கு அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

கழிப்பறை முடிந்தது. மேசன் அண்ணை நாலு சனிக்கிழமை வந்தார். ரொறன்ரோ அண்ணாவின் காசில் கொமட்டும் பைப்பும். (கொக்குவில் வீட்டின் முன்பக்க இரண்டு அறை வெள்ளைப்பிரம்பு அண்ணைக்குப் போனதை அவரே எழுதட்டும்.) கதவு வெளியே திறக்கிறது. கம்பி வருகிற கல்லுக்கெல்லாம் கொங்கிறீற்று நிரப்பியிருக்கிறது, எங்கள் அண்ணை முதல் நாள் அதில் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்த்தார், அம்மா கத்தினா. முற்றத்துக்கு மூன்று லோட் மண் கொட்டி நிரவினோம்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அண்ணை தேத்தண்ணி கேட்டார். அம்மா இரண்டு தடவை கேட்டா, "இப்பவா?" என்று.


மேசன்_வாத்தி
ஞாயிறு, இரவு 10.20

தங்கச்சி, வேலிப் பக்கத்து மண்சரிவுக்குக் கரைக்கல் வைக்கச் சொன்னேனே, வைத்தீர்களா? மாரி தொடங்கமுன் வைக்காவிட்டால் பாதி மண் ஒழுங்கைக்குப் போய்விடும்.


சில்லு
ஞாயிறு, இரவு 10.24

இல்லை அண்ணை. கல் பறித்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை வருவீர்களா?